மய்தானம் கேட்ட கதை

நல்லாச் சாஞ்சு உக்காருங்க அண்ணாச்சி, கூச்சப்படாதீக. வேட்டியில ஒண்ணும் ஒட்டாது, கிரானைட் கல்லு பதிச்ச பெஞ்சு. மழை இப்பக்குள்ள வெறிக்காது. தீ வச்ச கையோட பாதிப்பேரு தப்பிச்சு ஓடிட்டாங்க, நீங்களும் நானும் மாட்டிக்கிட்டோம். பெரியவரு பாட்டுக்கு அங்கன மேடையில எரியட்டும், நாம பாட்டுக்கு இங்கன பேசிக்கிட்டு இருப்போம்.

நீங்க ஆவுடையப்பப் பெரியவருக்குச் சம்பந்தி வீடுதானே? கோவில்பட்டி? மாலை போடும்போதே பாத்தேன். வந்ததுல இருந்து சுத்திச் சுத்திப் பாத்தீக. ஒரு குக்கிராமத்துச் சுடுகாட்டுல கூரை என்ன, லைட்டு என்ன, தண்ணித் தொட்டி என்னன்னு பக்கத்துல நின்னவர்ட்ட கேட்டீக. அவரு பஞ்சாயத்துல கட்டுனாங்கன்னு வாய் கூசாமச் சொன்னாரு. எனக்கு வயிறு எரிஞ்சு போச்சு. பஞ்சாயத்தாவது கட்டுறதாவது! இந்தக் கூரை, இந்த பெஞ்சு, அந்தா தெரியுதே காம்பவுண்டு, ஓடை மேல நடந்து வந்தீகளே அந்தச் சின்னப் பாலம், அம்புட்டும் எங்க மன்றத்துக்கு வந்த சர்க்கார் மானியம். அதும் எதுக்குக் கேட்ட மானியம்ங்கீக? வாலிபால் வெளையாடக் கேட்டது.

சிரிக்காதீக அண்ணாச்சி. சம்பந்தி வீட்டுக்காரரு சுடுகாட்டுல உக்காந்து சிரிச்சாருன்னு நாளைக்கு ஊரு பேசும்.

எம் பேரு அய்யாத்துரை. ஐயன்னா போட்ட ஐயாத்துரை இல்ல, அனா போட்டு யனாவுக்குப் புள்ளி வச்ச அய்யாத்துரை. ஐயன்னா போட்டுத் தபால் வந்தா வாங்க மாட்டேன், திருப்பி அனுப்பிருவேன். 'அய்'ன்னுதானே வாயால சொல்லுதோம், அத அப்படியே எழுதிட்டுப் போனா என்ன கொறஞ்சு போச்சு? தும்பிக்கையத் தூக்கிக்கிட்டு நிக்க மாதிரி அந்த எழுத்து எதுக்குங்கேன்? அய்ப்பசி, பய்யன், மய்யம், எல்லாம் நமக்கு இப்படித்தான். கொள்கைன்னா கொள்கை. ஒரு கல்யாணப் பத்திரிகையில ஐயாத்துரைன்னு அச்சடிச்சிட்டாங்கன்னு அந்தக் கல்யாணத்துக்கே நான் போகல. அது என் மச்சினன் கல்யாணம். எம் பொண்டாட்டி பிரம்மசக்தி இன்னைக்கும் சோறு போடும்போது அதச் சொல்லிக் காட்டிட்டுத்தான் கொழம்ப ஊத்துவா.

எங்க மன்றத்துப் பேரு அணையா விளக்கு நற்பணி மன்றம். பேருதான் நற்பணி, பாக்குற பணி வாலிபால்தான். நான் செயலாளர். பொருளாளர் சுடலைமுத்து, கீழத்தெரு. நான் மேலத்தெரு. எனக்கு அந்த பேதமெல்லாம் கெடையாது, பாத்துக்கிடுங்க. பந்துக்குச் சாதி உண்டா? மேலத்தெருப் பய தூக்கிக் குடுப்பான், கீழத்தெருப் பய அடிப்பான், அப்படியே வளந்த மன்றம். சுடலைமுத்து வீட்டுல கை நனைப்பீரான்னு கேட்டா அது வேற விஷயம், எனக்கு வெளிச்சாப்பாடு ஒத்துக்கிடாது. கல்யாண வீட்டுச் சாப்பாடு ஒத்துக்கிடும். அது எப்படியோ ஒத்துக்கிடுது.

எனக்கு வாழ்க்கையில ஒரே ஒரு ஆசைதான் அண்ணாச்சி. எங்க ஊருக்குன்னு ஒரு ஒழுங்கான மைதானம். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால ஒரு பொறம்போக்கு கெடந்துச்சு, அதுலதான் நெட்டு கட்டி ஆடுவோம். பூராவும் உடைமுள்ளு. பந்து ஒருபக்கம் வெடிக்கும், பிள்ளைக காலு ஒருபக்கம் கிழியும். சுடலைமுத்து மகள் இசக்கிச்செல்வின்னு ஒருத்தி இருக்கா. அவ எம்பி அடிச்சா எதிர்த்த டீமு பந்தப் பாக்காது, ஒதுங்கி வழி விடும். அப்படிப்பட்ட பிள்ளை ஒரு குழியில கால விட்டு மடங்கி விழுந்து, ஒரு மாசம் கட்டுப் போட்டுக் கெடந்தா. அன்னைக்கு வைராக்கியம் வச்சேன். சாகுறதுக்குள்ள இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு மைதானம் அமைச்சுக் குடுத்துட்டுத்தான் சாவேன்னு. இதுல இன்னொரு அவசரமும் இருந்துச்சு. அந்தப் பொறம்போக்குல மேல்நிலைத் தொட்டி கட்டப் போறதாப் பஞ்சாயத்துல பேச்சு. நாம முந்திக்கிட்டா நமக்கு, இல்லன்னா தொட்டிக்கு.

அந்தச் சமயம் பாத்து சர்க்கார்ல அறிவிக்காங்க. பதிவு பண்ணுன மன்றங்க, பொதுமக்கள் பொழங்குற எடத்த மேம்படுத்திக்கிட மானியம் உண்டு, மனு குடுங்கன்னு. எனக்குன்னே அறிவிச்ச மாதிரி இருந்துச்சு. மூணு நாளு வேற வேலை பாக்கல. மனு எழுதுனேன் பாருங்க, இப்பவும் தலைகீழாச் சொல்லுவேன். கேளுங்க.

"எங்கள் ஊர் மய்தானம் கவனிப்பாரற்றுக் கிடக்கிறது. முட்புதர் மண்டி, வருகிறவர்கள் கால் வைக்க இடமில்லை. விழுந்தவர்கள் எழுந்திருக்க முடியாத நிலை. மழைக்காலத்தில் ஆட்களைக் கொண்டு வந்தும் காரியம் நடக்காமல் காத்துக் கிடக்கிறோம். இந்த மய்தானத்தில் மேலத்தெரு கீழத்தெரு என்ற பேதம் இல்லை, அனைவரும் ஒரே மண்ணில்தான் புரளுகிறோம். எங்கள் ஊரில் பிறந்த ஒவ்வொருவரும் என்றாவது ஒருநாள் இந்த மண்ணுக்கு வந்தே தீர வேண்டும் என்பதே எங்கள் மன்றத்தின் இலட்சியம்."

எப்படி? சுத்தத் தமிழ். வாலிபால்னு ஒரு எடத்துல கூட எழுதல, அது இங்கிலீசுல்லா. மைதானத்துல என்ன பண்ணுவாங்கன்னு சர்க்காருக்கு நாம சொல்லிக் குடுக்கணுமாக்கும்? மைதானம்ங்கிறத எப்படி எழுதுனேன்னு கவனிச்சீகளா? ம, ய-வுக்குப் புள்ளி, தா, ன, ம். மய்தானம். நம்ம கொள்கைப்படி. கீழ நானும் சுடலைமுத்தும் கையெழுத்து.

மனுவக் கொண்டு போய்க் குடுத்தது சுடலைமுத்துதான். எனக்கு அன்னைக்குப் பல்வலி. அங்க நடந்தத ரொம்ப நாள் கழிச்சுத்தான் அவன் சொன்னான். ஆபீசுல ஒரு எழுத்தரு மனுவப் பாத்துட்டு, "என்னய்யா எழுத்து இது? மயானம்னு எழுதத் தெரியாம நடுவுல தகரத்தப் போட்டு வச்சிருக்கீங்க, மயானந்தானே?"ன்னு கேட்டாராம். இவன் என்ன சொல்லணும்? 'இல்ல சார், அது மைதானம்'னு சொல்லணும். இவன் "படிச்சவங்க நீங்க, உங்களுக்கு எது சரின்னு படுதோ அதப் போட்டுக்கிடுங்க சார்"ன்னானாம். அவரும் எல்லா எடத்துலயும் அடிச்சு அடிச்சுத் திருத்திட்டாரு. அவரு என்னத்தத் திருத்துனாருன்னு அன்னைக்கு இவன் எங்கிட்டச் சொல்லவே இல்ல, எழுத்துப் பிழையத் திருத்துனாங்கன்னு மட்டும் சொன்னான். பாவம், அவனுக்கு என்ன தெரியும்? தெனம் காலையில டீக்கடையில பேப்பர உரக்க வாசிச்சு ஊருக்கே சேதி சொல்லுதவன்தான். ஆனா பேப்பர் வாசிக்கது வேற, ஆபீசு விவகாரம் வேற. அவனப் போய் ஒரு குத்தம் சொல்ல எனக்கு மனசு வராது.

தப்பு எம்மேல இல்ல, பாத்துக்கிடுங்க. புள்ளி வச்ச எழுத்தப் படிக்கத் தெரியாதவன உக்கார வச்சிருக்காங்கல்லா, அவங்க மேல.

கொஞ்ச நாள் கழிச்சு எனக்கு போன் வருது. நான் நாரோயில் பஸ்ஸுல நிக்கேன், உள்ள பாட்டு அலறுது. ஒரு பொம்பளைக் குரலு. "மன்றச் செயலாளரா? மயான விஷயமாப் பேசுறேன்"னு சொல்லிருக்கு. எனக்கு மைதான விஷயமான்னுதான் காதுல விழுந்துச்சு.

"வாரத்துக்கு எத்தன பேர் வருவாங்க?"ன்னு கேட்டுச்சு அந்த அம்மா.

"தெனம் ரெண்டு டீமாவது வரும் மேடம். ஞாயித்துக்கெழமைன்னா கூட்டம் தாங்காது"ன்னேன்.

"ஞாயித்துக்கெழமை ஏன் அவ்ளோ?"

"லீவுல்லா மேடம்."

அதையும் குறிச்சுக்கிட்டுச்சு போல. அப்புறம், "பெண்களும் வர்றதுண்டா?"

"பொம்பளைப் பிள்ளைகளுக்குச் சாயங்காலம். நாங்க ஆம்பள பொம்பள பேதமே பாக்கது கெடையாது மேடம்."

"அடடா"ன்னுச்சு. குரல்லயே மரியாதை கூடிப் போச்சு. "வெளியூர்லேர்ந்து கொண்டு வருவாங்களா?"

"டிராக்டர் வச்சுக் கொண்டு வருவோம். மேளம் அடிச்சு, வெடி போட்டு, மாலை போட்டுத்தான் எறக்குவோம். எங்க ஊரு அப்படி."

"முடிஞ்சதும் என்ன செய்வாங்க?"

"குளிக்கணும் மேடம். அதுக்குத்தான் ஒரு தண்ணித் தொட்டி இருந்தா நல்லாருக்கும்."

"கண்டிப்பாப் போட்டுடலாம்"னுச்சு. நான் பஸ்ஸுல நின்னுக்கிட்டே கும்புட்டேன்.

பொறவு அதே அம்மா எடத்தப் பாக்க ஜீப்புல வந்துச்சு. பொறியாளரம்மா. அன்னைக்குன்னு பாத்து நான் வள்ளியூர்ல ஒரு கல்யாணத்துல பந்தியில உக்காந்திருக்கேன். சுடலைமுத்து பஸ் ஸ்டாப்புல நின்னிருக்கான். "மயானம் எங்கப்பா?"ன்னு அந்த அம்மா கேட்டிருக்கு. கேட்டா, எந்த விஷயமா வந்திருக்கீகன்னு திருப்பிக் கேக்கணுமா இல்லையா? இவன் ஜீப்புல முன்சீட்டுல ஏறி உக்காந்து, நேரா இங்கன கூட்டிட்டு வந்துட்டான். இது கீழத்தெருச் சுடுகாடு. அப்ப பாலம் கெடையாது, கூரை கெடையாது, ஒண்ணும் கெடையாது. ஜீப்ப அந்தக் கரையில நிப்பாட்டிட்டு, அந்த அம்மா சேலையத் தூக்கிச் சொருகிக்கிட்டு ஓடையில எறங்கி வந்துச்சாம்.

அதுக்கு முந்துன மழைக்குத்தான் சுடலைமுத்தோட அம்மா செத்துப் போனா. ஓடையில கழுத்தளவு தண்ணி. பாடையத் தலைக்கு மேல தூக்கிக் கை மாத்திக் கை மாத்திக் கொண்டாந்தாங்க. பாதியில பாடை சரிஞ்சு, அம்மாவப் பிடிக்க இவன் தண்ணிக்குள்ள முங்கிட்டான். மேலத்தெருக்காரங்க நாங்க கரையில நின்னு பாத்துக்கிட்டு இருந்தோம். எனக்கு அன்னைக்கு ராத்திரி சோறு எறங்கல. ஆனா அவன் அதப் பத்தி இன்னைக்கு வரைக்கும் ஒரு வார்த்தை பேசுனதில்ல. மறுவாரம் ஆட்டத்துக்கு வந்து எப்பவும் போல சீட்டி ஊதிக்கிட்டு நின்னான். மறந்துட்டான் போல, நல்ல மனசுக்காரன்.

சரி, விஷயத்துக்கு வாரேன். அரசாணை வந்துச்சு. மன்றத்துல பிள்ளைகள எல்லாம் கூட்டி வச்சு, பூசணிக்கா ஒடச்சு, நானே சத்தமா வாசிக்கேன். "அணையா விளக்கு நற்பணி மன்றத்தின் கோரிக்கையை ஏற்று, எரிமேடை..." தப்பா வாசிச்சிட்டேனோன்னு மறுபடியும் வாசிக்கேன். எரிமேடை, கூரை, காத்திருப்போர் பெஞ்சு, குளிக்கத் தொட்டி, விளக்கு, பாலம். 'சாதி பேதமற்ற பொது மயானத்துக்கான சிறப்பு மானியம்.' பிள்ளைக ஒண்ணையொண்ணு பாக்குதுக. ஒரு சின்னப் பய, "சார், நெட்டு எங்க கட்டணும், எரிமேடைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா?"ன்னு கேட்டான். அவன் முதுகுல ஒண்ணு வச்சேன். வேற என்ன செய்யச் சொல்லுதீக?

மறுநாளே பொறியாளரம்மா முன்னால போய் நின்னேன். நான் வாயத் தெறக்கதுக்கு முந்தி அந்த அம்மா எந்திரிச்சுக் கையக் குடுத்துச்சு. "சார், சாகும்போது எல்லாரும் ஒண்ணுன்னு எல்லாரும் பேசுவாங்க. எல்லாருக்கும் ஒரே மயானம்னு எழுதிக் குடுத்தது இந்த வட்டாரத்துலயே உங்க ஊர்தான். உங்கள மாதிரி ஆள நான் பாத்ததே இல்ல"ன்னு கண்ணு கலங்குது அதுக்கு. நான் என்னத்தச் சொல்ல? இல்லம்மா, எங்க ஊர்ல ரெண்டு சுடுகாடு, நான் கேட்டது வாலிபால் மைதானம்னா, மானியத்தத் திருப்பிக் கட்டணும், பொய்த் தகவல் குடுத்த மன்றம்னு கறுப்புப் பட்டியல்ல எழுதிருவாங்க, அடுத்த மானியம் இந்த ஜென்மத்துல கெடையாது. ஆமாம்மான்னா ஊர்ல போய் ஒத வாங்கணும். வாய் என்ன செஞ்சுச்சு தெரியுமா? "எல்லாம் ஒரு கடமைதான் மேடம்"னுச்சு. டீ வாங்கிக் குடுத்தாங்க. குடிச்சிட்டு வந்துட்டேன்.

ஊர்க்கூட்டம் போட்டாங்க. அந்தா எரியுதாரே, பெரியவரு, அவருதான் மேலத்தெருவுக்குத் தலைவரு. செத்தவரக் குத்தம் சொல்லப்படாது, அதும் உங்க சம்பந்தியக் குத்தம் சொல்லப்படாது. ஆனா அன்னைக்கு என்ன ஆடுன ஆட்டம் இருக்கே, பேயாட்டம். "ஏலே அய்யாத்துரை, பந்து அடிக்கேன் பந்து அடிக்கேன்னு கடைசியில எங்கள எங்கலே கொண்டு போய் வச்சிருக்க? அவங்க எரிஞ்ச மேடையில நாங்க போய்ப் படுக்கவா?"ன்னு துண்ட ஒதறுதாரு. மேலத்தெரு மொத்தமும் என்ன மொறைக்கி. அப்ப சுடலைமுத்து எந்திரிச்சான். கைகட்டிக்கிட்டு ரொம்பப் பணிவாச் சொன்னான். "நீங்க யாரும் வர வேண்டாம் பெரியவரே. எடம் எல்லாருக்கும் பொதுன்னு ஒரு போர்டு மட்டும் இருக்கும். வாறதும் வராததும் செத்தவுக இஷ்டம்." எல்லாரும் சிரிச்சிட்டாங்க. பெரியவரே துண்டால வாயப் பொத்திக்கிட்டுச் சிரிப்ப அடக்குனாரு. அந்த வார்த்தையில கூட்டம் கலைஞ்சிருச்சு.

அப்புறம் என்ன, வேலை மளமளன்னு நடந்துச்சு. நான் பேருக்கு வந்து நின்னுட்டுப் போவேன். செங்கல்லுக்குச் செங்கல்லு சுடலைமுத்துதான். வீட்டுல நான் பொலம்பும்போதெல்லாம் எம் பொண்டாட்டி பிரம்மசக்தி முந்தானைய வாயில வச்சுக்கிட்டுச் சிரிப்பா. "ஏட்டி, எதுக்குச் சிரிக்க?"ன்னா, "ஒண்ணுமில்ல, உங்க பொருளாளருக்கு விவரம் பத்தாதுன்னீங்கல்லா, அத நெனச்சேன்"னு சொல்லுவா. இதுல என்ன சிரிப்பு வேண்டிக் கெடக்குன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கு வெளங்கல.

கட்டி முடிச்சதும் கீழத்தெருக்காரங்க மட்டுந்தான் வந்தாங்க. எங்காளுக ஒருத்தரு வரல. இந்தப் பக்கம் மூஞ்சியத் திருப்பாமப் போவாங்க. பொறவு போன அய்ப்பசியில ரைஸ்மில் மாணிக்கவாசகம் செத்தாரு. இதே மாதிரி அடமழை. மேலத்தெருச் சுடுகாட்டுல கூரை ஏது? வெறகு நனஞ்சு, மண்ணெண்ணெய் ஊத்த ஊத்தப் புகையுது, பிடிக்கல. வந்தவுக எல்லாம் பனமரத்துக்குக் கீழ நனஞ்சுக்கிட்டு நிக்காங்க. இருட்டப் போகுது. அவரு மவன் சண்முகவேலு பெங்களூருல இருந்து வந்த பய, அவனுக்குப் பொறுமை போயிருச்சு. "ஓடைக்கு அந்தப் பக்கம் லைட்டு எரியுதே, அது என்ன? தூக்குங்கடா எங்கப்பாவ"ன்னுட்டான். தூக்கதுக்கு எங்க டீமுப் பயலுவ நாலு பேரு, ரெண்டு மேலத்தெரு, ரெண்டு கீழத்தெரு. பாலத்து மேல நடந்து வந்து இந்த மேடையில வச்சாங்க. தொட்டதும் பிடிச்சிருச்சு.

பெரியவரும் வேற வழியில்லாம வந்து, இதே பெஞ்சுல, நீங்க உக்காந்திருக்க எடத்துலதான், முதுகக் காட்டிக்கிட்டு உக்காந்தாரு. அப்புறம் கல்லத் தடவிப் பாத்துட்டு, "எடம் நல்லாத்தாம்லே இருக்கு"ன்னாரு. அவ்வளவுதான். அதுக்கப்புறம் மேலத்தெருவுல யாரு செத்தாலும் இங்கதான். பழைய எடத்துக்கு ஒருத்தரும் போகல. பெரியவரே சாகதுக்கு முந்தி மவன்ட்ட, "என்ன நனைய விடாமக் கொண்டு போலே"ன்னாராம். அவரு சொன்ன மாதிரியே மழையும் வந்துருச்சு பாருங்க.

ஊரே என்னக் கும்புடுது அண்ணாச்சி. ஆனா என் மைதானம்? அது போச்சு. மானியம் வராததால பொறம்போக்குல தொட்டி ஏறிருச்சு. தண்ணி நல்லதுதான், யாரு வேண்டாம்னா? பிள்ளைக இப்ப மெயின்ரோட்டோரத்துல ஆடுதுக. லாரி வந்தா நெட்டத் தூக்கிப் பிடிக்கணும். பாதிப்பேரு நின்னுட்டாங்க. இசக்கிச்செல்விய தென்காசிப் பக்கம் ஒரு டீமுல கூப்புடுதாங்க. அவ போயிட்டா மன்றத்த இழுத்துப் பூட்டிர வேண்டியதுதான்.

போன மாசம் அவ எங்கிட்ட வந்தா. "சார், மறுபடியும் அதே மானியம் அறிவிச்சிருக்காங்க"ன்னா. எடத்துக்கு எங்கட்டி போறதுன்னேன். அவ சொன்னா, "மேலத்தெருப் பழைய சுடுகாடு சும்மாத்தான சார் கெடக்கு? முன்பக்கம் பூராவும் வெத்து எடம். மேடு பள்ளம் கெடையாது, முள்ளு கெடையாது, ரோட்டோரம். பின்பக்கம் இருக்க கல்லறைக்கு ஒரு வேலி போட்டுருவோம். இனிமே இங்க அடக்கம் இல்லன்னு மேலத்தெருவுல எழுதிக் குடுத்தாப் போதும். மயானத்துக்குப் பதிலா மைதானம்."

எனக்கு வந்துச்சே கோவம். "ஏட்டி, எங்க ஆளுக படுத்திருக்க எடத்துல பந்து அடிக்கவா?"ன்னு கத்திட்டேன். அவ பயப்படல. "எங்காளுக படுத்திருக்க எடத்துக்குத்தான சார் நீங்க எல்லாரும் இப்ப வாறீங்க?"ன்னா. பெரியவரு ஒத்துக்கிட மாட்டாருட்டி, அவருட்டக் கேட்டுட்டுச் சொல்லுதேன்னு நழுவிட்டேன். அவரு ஒத்துக்கிட மாட்டாருன்னு எனக்கு அம்புட்டு நம்பிக்கை.

போய்க் கேட்டேன். படுத்த படுக்கை, மூச்சு இழுக்கு. கேட்டுட்டுச் சிரிக்காரு மனுசன். "வெளையாடட்டும்லே. அங்க கெடக்கவன் எல்லாம் சலிச்சுப் போய்க் கெடப்பான். பொம்பளைப் பிள்ளைக நாலு சத்தம் போட்டா எங்க அப்பனுக்கும் பொழுது போகும்." நான் கொண்டு போன சம்மதப் பேப்பர்ல கையெழுத்தும் போட்டுட்டாரு. பேப்பர எங்கிட்ட நீட்டிட்டு, "நீ போடு"ன்னாரு. எனக்குக் கை வரல. "உனக்கு என்னலே? உனக்கு முந்தி அந்த மேடையில எவன் எரிஞ்சான்னு பாக்கியாக்கும்?"ன்னு ஒரு கேள்வி கேட்டாரு. எனக்கு அந்த பேதமெல்லாம் கெடையாது பெரியவரேன்னேன். "தெரியும்லே, தெரியும். எனக்கும் கெடையாதுன்னுதான் நானும் எழுவது வருசமாச் சொல்லிக்கிட்டு அலைஞ்சேன்"னு சொல்லி இருமுனாரு. நான் பேப்பர மடிச்சுப் பையில வச்சுக்கிட்டு வந்துட்டேன்.

உங்கட்டச் சொல்லுததுக்கு என்ன அண்ணாச்சி, நீங்க அசலூரு. அங்கன எங்க அப்பா கெடக்காரு. எங்க வீட்டுல எரிக்கது இல்ல, பொதைக்கதுதான். அவருக்கு எடது பக்கம் ஒரு ஆள் எடம் காலியா கெடக்கு. நல்லநாள் பெரியநாளைக்கு வெளக்கு வைக்கப் போகும்போதெல்லாம் அந்த எடத்தப் பாத்துட்டுத்தான் வருவேன். அது எனக்குன்னு நெனச்சிருந்தேன். உயிரோட இருந்தவரைக்கும் அவருக்கும் எனக்கும் ஒருநாள் ஒத்துப் போனதில்ல. பந்து அடிச்சுக்கிட்டு இருப்பேன், தொரட்டியோட வந்து நடு ஆட்டத்துல இழுத்துட்டுப் போவாரு. இனியாவது பக்கத்துல சண்டை போடாமப் படுத்துக் கெடப்போம்னு ஒரு ஆசை. கையெழுத்துப் போட்டேன்னா அந்த எடம் போச்சு. அதுதான் என் சங்கடம், வேற ஒண்ணுமில்ல. நெசமாவே வேற ஒண்ணுமில்ல.

பாலத்துக்கு அந்தப் பக்கம் பாருங்க, குடை பிடிச்சுக்கிட்டு ஒருத்தி நிக்காள்லா? அவதான் இசக்கிச்செல்வி. பொம்பளைப் பிள்ளை உள்ள வரக்கூடாதுன்னு அந்தக் கரையில நிக்கா. இன்னைக்குச் சாயங்காலத்தோட மனு குடுக்கக் கடைசி. பக்கத்துல சைக்கிளப் பிடிச்சுக்கிட்டு நிக்கது சுடலைமுத்து, ஆபீசுக்குக் கொண்டு போகத் தயாரா நிக்கான். என்னப் பாத்து ஒரு வார்த்தை கேக்கல ரெண்டு பேரும். சும்மா மழையில நிக்காங்க. கேட்டாலாவது ரெண்டு ஏச்சு ஏசலாம்.

அந்தப் பிள்ளை காலுல கட்டுப் போட்டுக் கெடந்தப்ப நான் பாக்கப் போனேன் அண்ணாச்சி. சுடலைமுத்து வீட்டு வாசல்லயே நின்னு பாத்துட்டு வந்தேன். காப்பி குடுத்தாங்க, வயிறு சரியில்லன்னு சொல்லிட்டேன். அவ அழல. "சார், நம்ம ஊருக்கு எப்ப சார் மைதானம் வரும்?"னு மட்டும் கேட்டா.

உங்கட்ட பேனா இருக்கா? குடுங்க. கொஞ்சம் குனிஞ்சு முதுகக் காட்டுங்க, வச்சு எழுதிக்கிடுதேன், சாரல்ல பேப்பர் நனையுது. ஆங். முடிஞ்சுது. அய்யாத்துரை. ஏய் சுடலைமுத்து, ஓடியா, ஆபீசு பூட்டுறதுக்குள்ள கெளம்பு! பாத்துலே, பைக்குள்ள வை!

என்ன கேட்டீக? இனி நான் செத்தா என்ன எங்க கொண்டு போவாங்கன்னா? நல்லாக் கேட்டீகளே. இங்கதான் அண்ணாச்சி, வேற எங்க? எங்க அப்பா பக்கத்துலன்னு எவனாவது அங்கன தூக்கிட்டுப் போனா, பாடையில இருந்து எந்திரிச்சு வந்து ஒதைப்பேன். ஒரு பொணத்துக்காக ஆட்டத்த நிப்பாட்ட முடியுமா?